டிரைவருக்குச் சாப்பாடு

எங்கள் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களில் ‘இளம் ஆராய்ச்சியாளர்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்தைந்து வயது வரைக்கும் இளமையாம். அப்படி எழுதி வைத்தவர்கள் இந்த இளைஞர்களை ஒரு தடவையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். காதோரம் நரைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் நின்று நின்று ஏறி என் மேஜைக்கு வருவார்கள். பயிற்சி உதவித்தொகை, இளம் ஆராய்ச்சியாளர் விருது என்று எது வந்தாலும் விண்ணப்பிப்பார்கள். கிடைக்காது. அடுத்த வருடம் மறுபடியும் அதே முகத்தோடு வந்து நிற்பார்கள். மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இந்தக் காகிதங்களைச் சரிபார்த்துக் கட்டி அனுப்புவதுதான் என் வேலை. குனிந்து குனிந்து எனக்கும்தான் இடுப்பு போய்விட்டது. எனக்கு யார் விருது கொடுத்தார்கள்?

எங்கள் வீட்டு மாடியிலேயே அப்படி ஒரு இளம் ஆராய்ச்சியாளர் குடியிருந்தாள். கீழே நான் மட்டும். மாடியில் அவள், அவள் புருஷன், மாமியார். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் போன் வரும், சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடுவான். மாமியார் சட்டைக் கம்பெனிக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவர். மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வரும். வாசலில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ஊசியைப் பார்க்காமலே தைப்பார். தெருவில் யார் போகிறார்கள் வருகிறார்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

தெருவில் மருமகளுக்கு ‘ஊசி போடாத டாக்டர்’ என்று பெயர். அவள் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அது யாருக்குப் புரிகிறது? தலைவலிக்கு மாத்திரை கேட்டு வருவார்கள். “நான் அந்த டாக்டர் இல்லைங்க” என்பாள். “அப்ப என்னத்துக்குப் படிச்சே?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்குக் கோபமே வராது. வருவதற்குத் தெம்பு இருந்தால்தானே.

அவளுடைய ஆராய்ச்சி ஈரல் புற்றுநோயைப் பற்றியது. ஒரு லாரி டிரைவர் அந்த நோயில் கிடந்தபோது, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு துணுக்கை வாங்கி வந்து, அதன் செல்களைப் பிளாஸ்டிக் குடுவையில் வளர்த்தாள். டிரைவர் அப்புறம் பிழைக்கவில்லை. செல்கள் மட்டும் உடம்புச் சூட்டில் வைத்த ஒரு பெட்டிக்குள் உயிரோடு இருந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் திரவம் ஊற்ற வேண்டும். அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமையா, மழையா, வீட்டில் விசேஷமா, அதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. நாத்தனார் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் ஓடியவள் இவள்.

“எங்கம்மா உன் மருமக?” என்று யாராவது கேட்டால், மாமியார் பொத்தானைப் பல்லில் கடித்துக்கொண்டே சொல்வார். “டிரைவருக்குச் சாப்பாடு போடப் போயிருக்கா.”

புதிதாகக் குடிவந்தவர்கள் திகைத்துப் போவார்கள். வீட்டுக்குள் அதுவே பெயராகிவிட்டது. “டிரைவர் எப்படி இருக்கார்?” என்று புருஷன் கேட்பான். “சுமார்தான். குடுவையில ஒட்டவே மாட்டேங்கிறார், பாதி செல் செத்து மிதக்குது” என்பாள் அவள். “எங்க வீட்டு ஆளுங்க மாதிரி பிடிவாதம் போல இருக்கு” என்பார் மாமியார். ஒரு வருடத்துக்கு மேல் இதே பாட்டு.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில், நனைந்த குடையோடு அவள் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். என் வீட்டுக் கதவையும் தட்டினாள்.

“அக்கா, டிரைவர் பிழைச்சுக்கிட்டார்! குடுவை நிறைய ஒட்டிப் படர்ந்திருக்கார். இந்த வாரம் ரெண்டு தடவை வேற குடுவைக்குப் பிரிச்சு வெச்சேன், அதுவும் நிறைஞ்சு போச்சு.”

“சாப்பாடு இப்பத்தான் ஒத்துக்கிச்சு போல” என்றார் மாமியார்.

எல்லாரும் கேக் சாப்பிட்டோம். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வேலை ஓட்டமாக ஓடியது. எந்த மருந்துக்கும் மசியாத அந்தச் செல்கள் ஒரே ஒரு மருந்துக்கு மட்டும் மடிந்தன. அதைக் கட்டுரையாக எழுதினாள், வெளிவந்தது. அதை வைத்துத்தான் பெரிய உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். வெளிநாட்டில் பேர்போன ஒரு நிலையத்தில் இரண்டு வருடப் பயிற்சி. கட்டியைக் கட்டியாகவே கிண்ணத்தில் வளர்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தால், இங்கே சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம், நிரந்தர வேலை. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டு தடவை தட்டிப்போயிருந்தது. இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும், இனி விண்ணப்பிக்கவே முடியாது.

கிடைத்துவிட்டது.

செய்தியை முதலில் பார்த்தது நான். ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, “நிஜமாவாக்கா? பேரைச் சரியாப் பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். மாமியார்தான் தெருவையே ஒரு வழி பண்ணிவிட்டார். “என் மருமகளுக்கு வெளிநாட்டுல பரிசு குடுத்து கூப்பிடுறாங்க. ஊசி போடுற டாக்டருக்கெல்லாம் இது கிடைக்காது, தெரிஞ்சுக்கோ!” புருஷன் லிஃப்ட் கம்பெனியில் ராஜினாமா எழுதிக் கொடுத்தான். மாமியார் இரண்டு வருடமும் மகள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. சட்டை மூட்டையை எதிர் வீட்டுக்காரிக்கு மாற்றிவிட்டுவிட்டார். அவ்வளவு நாள் பொத்தான் தைத்த கை சும்மா இருக்க முடியாமல், என் திரைச்சீலைகளை எல்லாம் வாங்கி ஓரம் அடித்துக் கொடுத்தார்.

பயணத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருந்தது. ஆராய்ச்சி செய்த செல்களில் கொஞ்சமும், அந்த நோயாளியிடம் அப்போதே எடுத்து உறைய வைத்த ரத்தத்தில் கொஞ்சமும் அவர்கள் சொல்லும் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே ஆளுடையதுதான் என்று அவர்கள் சோதித்துச் சான்று கொடுப்பார்கள். இப்போதெல்லாம் எல்லா உதவித்தொகைக்கும் இப்படிக் கேட்கிறார்கள். நான் அதைச் சாதாரணமாகத்தான் படித்துச் சொன்னேன். அவளும் சாதாரணமாகத்தான் தலையாட்டினாள். அனுப்புவதற்கு முன்னால் நாமே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று பக்கத்துத் துறையில் கொடுத்துச் சோதித்தாள்.

அதற்கு அடுத்த வாரம், மத்தியான வேளையில், என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். வெளியே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

“அக்கா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?”

படிக்கட்டுக்கு அடியில், ஓடாத பழைய குளிர்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அது டிரைவர் இல்லக்கா.”

“எது?”

“நான் வளர்த்தது. ரத்தத்தோட சேரல. அது எங்க கூடத்துல இன்னொரு அலமாரியில இருக்கிற செல். எல்லா ஊரு லேப்லயும் இருக்குமே, எதுல விழுந்தாலும் வளர்ற செல். களை மாதிரி. ஒரு சொட்டு விழுந்தா போதும், மத்ததை அமுக்கிட்டு அது மட்டும் படர்ந்துக்கும்.”

“யாரு பண்ணின வேலை இது?”

“நான்தான். வேற யாரு? லீவு நாள்ல முறை வெச்சு ஒருத்தர் வந்து எல்லாரோட செல்லுக்கும் சாப்பாடு போடுவோம் இல்லையா? அந்த மழைக்காலத்துல ஒரு நாள் என் முறை. வேற வேற செல்லுக்கு வேற வேற பாட்டில் எடுக்கணும். காய்ச்சலோட வந்திருந்தேன். திரவம் வீணாகுதேன்னு ஒரே பாட்டிலை வெச்சு எல்லாத்துக்கும் ஊத்தினேன். அதுக்கு அடுத்த மாசந்தான் கேக் வாங்கிட்டு வந்தேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“பிழைச்சுக்கிட்டார் பிழைச்சுக்கிட்டார்னு ஆடினேனே அக்கா. அவர் செத்ததைக் கொண்டாடியிருக்கேன்.”

அவள் துறைத் தலைவரை நாங்கள் ‘பெரிய சார்’ என்போம். ஓய்வு பெறும் வயதில் இருப்பவர், சர்க்கரை வியாதி, எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்திருப்பார். அவள் போய்ச் சொன்னதும் எங்கள் இரண்டு பேரையும் அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

“ஆரம்பத்துல உறைய வெச்ச குப்பி ஏதாவது இருக்கா?”

“ரெண்டு இருந்துச்சு சார். ஒண்ணை எடுத்துச் சோதிச்சுப் பார்த்தேன். அது டிரைவர்தான். இன்னும் ஒண்ணு இருக்கு.”

“அப்புறம் என்ன? அதை அனுப்பு.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“நான் பொய் சொல்லச் சொல்லலைம்மா. அந்த நோயாளியோட செல் உன்கிட்ட இருக்கா? இருக்கு. சோதிச்சா சரியா வருமா? வரும். சான்று குடுப்பாங்க. நீ போ. போய் அங்கே அந்தக் குப்பியை வெச்சு எல்லாத்தையும் முதல்ல இருந்து செஞ்சு பாரு. சரியா வந்தா சந்தோஷம். வராட்டி அப்ப ஒரு திருத்தம் எழுதிக்கலாம்.” என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. இதுல தப்பு இருக்கா?”

என்னைக் கேட்டால்? “அனுப்பிடலாம் சார்” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அந்த அலுவலகத்தில் எத்தனை பேர் என்னென்ன செய்துவிட்டு மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒருத்திக்கு மட்டும் ஏன் இத்தனை சோதனை என்று ஆத்திரமாக இருந்தது.

“யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று அவள் எழுந்தாள். பெரிய சாருக்கு முகம் சுருங்கியது. “எனக்கு மட்டும் இது ஆசையா என்ன? இந்த விருது போச்சுன்னா இந்தக் கூடத்தையே மூடிடுவாங்க. அதையும் சேர்த்து யோசி” என்றார்.

சாயந்திரம் மாடியிலிருந்து புருஷன் வந்து என்னைக் கூப்பிட்டான். “அக்கா, மேல வாங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.”

மாடியில் பாதிச் சாமான்களைக் கட்டிவைத்திருந்தார்கள். அலமாரி காலி. சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பெட்டி மேல் பெட்டி வைத்து அதன் மேலேயே தட்டுகளை வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு அவித்து, முட்டை பொரித்து, சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. மாமியார் கையில் ஏதோ துணியை வைத்துக்கொண்டு தைப்பதுபோல உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூலே இல்லை.

“இவ சொல்றது எனக்குப் புரியலக்கா” என்றான் புருஷன். “செல்லு மாறிடுச்சு. சரி. மாறாத செல்லு ஒரு குப்பி இருக்கு. அதை அனுப்பச் சொல்றார் அவர். எது பொய் இதுல? அந்த ஆளோட செல்லுதானே அது?”

“செல் அவரோடதுதாங்க. கண்டுபிடிச்சது அந்தச் செல்லுல இல்லையே” என்றாள் அவள்.

“அதை அங்க போய்ச் செய்யேன்!”

“அங்க போறதே அதைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லித்தானே?”

“சரி, யாருக்கு நஷ்டம்? சொல்லு. யாரு வயித்துல அடிக்கிறோம்?”

அவள் தட்டில் இருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஈரல் கட்டிக்கு இந்த மருந்து வேலை செய்யும்னு எழுதியிருக்கேன். அதைப் படிச்சுட்டு ஒரு ஆஸ்பத்திரியில நோயாளிகளுக்குக் குடுத்துப் பார்க்கலாமான்னு கேட்டு எழுதியிருக்காங்க. போன மாசம் வந்துச்சு. நான் பெருமையா உங்ககிட்ட காட்டினேனே. வேற மருந்தை நிறுத்திட்டு இதைக் குடுப்பாங்க. அவங்க ஈரல்ல அது ஒண்ணும் பண்ணாது.”

“அவங்களுக்கு மட்டும் தனியா ஒரு லெட்டர் போட்டுடு.”

“என்னன்னு போடுறது? எனக்குப் பரிசு வாங்கிக் குடுத்த கட்டுரை தப்பு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா?”

அவன் எழுந்து பெட்டியை எட்டி உதைத்தான். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. “அப்ப என் வேலை? அம்மா வேலை? போன வாரம் எல்லார்கிட்டயும் கைகுடுத்துட்டு வந்தேன். கம்பெனிப் பசங்க எனக்குப் பை வாங்கிக் குடுத்திருக்காங்க, பிளேன்ல கொண்டுபோகன்னு. ரெண்டு வருஷம் கழிச்சு உனக்குன்னு ஒரு இடம், அப்புறம் குழந்தை, அப்புறம் வீடு, எல்லாத்தையும் இந்தப் பரிசு வரட்டும் பரிசு வரட்டும்னு தள்ளித் தள்ளி வெச்சோம். உனக்கு வயசு தாண்டப் போகுது. எதுக்குன்னு கேக்குறேன். பரிசுக்கு மட்டுமா வயசு தாண்டும்?”

எனக்கே அவன்மேல் கோபம் வந்தது. அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை என்பதால் கோபம் இன்னும் அதிகமானது.

“ஏம்மா” என்றார் மாமியார் மெதுவாக. “நாங்க படிக்காதவங்க. எங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஊர்ல யார் எதைத்தான் முழுசா சரியா செய்யறாங்க? நான் தைக்கிற பொத்தான்ல எத்தனை மறுநாளே விழுது? யாராவது திரும்பி வந்து கேட்டாங்களா? பெரியவர் சொல்றாரு, ஆபீஸ்ல இருக்கிற இவங்களும் சொல்றாங்க. அனுப்பிட்டு நிம்மதியா இரேன்.”

“நிம்மதியா இருக்க முடியாது அத்தை.”

“இப்ப மட்டும் இருக்கியா?”

“இப்பவும் இல்ல.”

“பின்ன?”

“ரொம்ப அலுப்பா இருக்கு அத்தை. அலுப்பா இருக்கும்போதுதான் அந்தப் பாட்டிலை எடுத்தேன். இன்னொரு தடவை அலுப்புல ஒண்ணு செய்ய எனக்குப் பயமா இருக்கு.”

நான்தான், “முதல்ல சாப்பிடுங்க, ஆறிப்போச்சு” என்றேன். சாப்பிட்டார்கள். அவனுடைய போன் அடித்தது. பழக்கத்தில் எழுந்து சட்டையை எடுத்தான். எடுத்த பிறகுதான் அந்த வேலையில் இப்போது இல்லை என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சட்டையைத் திரும்பக் கொக்கியில் மாட்டினான்.

மறுநாள் காலையில் கூரியர்க்காரர் வந்துவிட்டார். உறைபனி போட்ட பெட்டியை வாங்கிக்கொண்டு போவதற்கென்றே நான் வரச் சொல்லியிருந்தேன். அவள் வருவாள், குப்பியோடு வருவாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ராத்திரி படுத்தால் காலையில் புத்தி தெளியும் அல்லவா? அவளும் வந்தாள். கையில் ஒன்றுமில்லை.

“பெட்டி எங்க?”

“பெட்டி இல்லக்கா. லெட்டர் மட்டுந்தான். நீங்க அடிச்சுக் குடுங்க.”

நான் கூரியர்க்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். “நீ என்ன, எல்லாரையும் கொல்லலாம்னு இருக்கியா? அவன் முகத்தைப் பார்த்தியா நேத்து? எத்தனை பேர் இதுக்காகத் தவம் கிடக்கிறாங்க தெரியுமா? உனக்கு வந்த இடத்துக்குக் காத்திருப்புப் பட்டியல்ல அடுத்த ஆளு ரெடியா நிக்கிறான். நீ வேண்டாம்னு சொன்ன அன்னைக்கே அவனைக் கூப்பிட்டுடுவாங்க.”

“தெரியும்க்கா.”

“அவன் செல்லு மட்டும் சுத்தமா இருக்குமா?”

அவளுக்கு லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. “அவனும் சோதிச்சுத்தானே அனுப்பணும்.”

கடைசியாக ஒரு வழி சொன்னேன். “சரி, திருப்பிக் குடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டே. உடம்பு சரியில்லைன்னு போட்டுடுறேன். குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுடுறேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உன் பேராவது மிஞ்சும். அடுத்து வேற ஏதாவது இடத்துல கேக்கலாம்.”

“வேண்டாம்க்கா. செல் மாறிப்போச்சு, நான்தான் ஒரே பாட்டிலை உபயோகிச்சேன், கட்டுரையையும் திரும்ப எடுத்துக்கறேன். அப்படியே போடுங்க. அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு நகல்.”

அடித்தேன். அடிக்கும்போது விசைகள் மேல் என் ஆத்திரத்தையெல்லாம் காட்டினேன். அச்சடித்து வந்த தாளை அவள் இரண்டு தடவை படித்தாள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டாள். கூரியர்க்காரர் அந்த மெல்லிய உறையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கா மேடம் இவ்வளவு பெரிய வண்டி கொண்டுவரச் சொன்னீங்க?” என்று அலுத்துக்கொண்டார். மனுஷர் அடி வாங்காமல் தப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானம் நான் அவளுடைய கூடத்துக்குப் போனேன். தனியாக நின்று, சூட்டுப் பெட்டியிலிருந்து குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிளீச்சிங் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த இளஞ்சிவப்புத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை. கண் எரியும் நாற்றம். ஜன்னலைத் திறக்கப் போனேன். “திறக்காதீங்கக்கா, தூசி வரும்” என்றாள். அந்த நிலையிலும் அவளுக்கு அது தோன்றியது.

பதில் சீக்கிரமே வந்தது. நேர்மைக்கு நன்றி என்று இரண்டு வரி, உதவித்தொகை அடுத்தவருக்கு மாற்றப்படுகிறது என்று ஒரு வரி. பெரிய சார் அவளைக் கண்டால் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கூடத்தை உடனே மூடவில்லை. மூடுவதா வேண்டாமா என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். குழு என்றால் இழுக்கும், அதுவரைக்கும் சம்பளம் உண்டு.

லிஃப்ட் கம்பெனியில் அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். கெஞ்சிக் கேட்டதற்கு, யாரும் விரும்பாத ராத்திரி முறையில், தினக்கூலியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பையன்கள் வாங்கிக் கொடுத்த பையில் ஸ்பானரும் டெஸ்டரும் போட்டுக்கொண்டு போனான். மாமியார் எதிர் வீட்டுக்காரியிடம் போய், பாதி மூட்டையையாவது திருப்பிக் கொடு என்று கேட்டு வாங்கி வந்தார். கட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். வீட்டில் பேச்சு மட்டும் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்று மாமியார் குழாயடியில் என்னிடம் சொல்லிப் புலம்பினார். ஒரு நாள் அவனைப் பிடித்து, “இன்னும் என்னப்பா கோபம்?” என்று கேட்டேன்.

“கோபம் இல்லக்கா. என்ன பேசறதுன்னு தெரியல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவள் படுத்துவிட்டாள். நோய் இல்லை, தூக்கம். இத்தனை வருடமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடியவளுக்கு இப்போது சாப்பாடு போட டிரைவர் இல்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து தூங்கினாள். எழுப்பினால் இரண்டு வாய் சாப்பிடுவாள், மறுபடியும் தூங்குவாள். டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டேன். “காட்டுனா எழுப்பிடுவாங்க. தூங்கட்டும் விடு” என்றார் மாமியார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் புருஷனுடைய சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள், விருது வந்த செய்தி மட்டும்தான் அவர்களுக்குப் போயிருந்தது, மீதிச் செய்தி போகவில்லை. பழக்கூடையும் பூங்கொத்துமாக, வாசலில் இருந்தே சத்தம் போட்டுக்கொண்டு மாடியேறினார்கள். “எங்க நம்ம வெளிநாட்டு டாக்டர்?” சத்தம் கேட்டு நானும் படியேறினேன். மாமியார் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, அதன் குறுக்கே நின்றார். கையில் ஊசி.

“அவ தூங்குறா.”

“பட்டப்பகல்லயா? எழுப்புங்க அண்ணி. பரிசு வாங்கினவளை நாலு வார்த்தை வாழ்த்திட்டுப் போறோம்.”

“பரிசை வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டா.”

சித்திக்குப் பூங்கொத்து கையிலிருந்து நழுவியது. “என்னது? வந்த லட்சுமியை யாராவது வெளிய தள்ளுவாங்களா? பைத்தியமா அவளுக்கு?”

“ஆமா, பைத்தியந்தான்” என்றார் மாமியார். “எங்க வீட்டுப் பைத்தியம். இப்பத்தான் கண்ணை மூடியிருக்கா. சத்தம் போடாம கீழ போங்க.”

இவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான்தான் வந்தவர்களைக் கீழே என் வீட்டுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்து, அடுப்பில் தேநீருக்கு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கடைக்குப் போயிருந்த புருஷனும் வந்து சேர்ந்தான். கண்ணெல்லாம் சிவந்து, சவரம் செய்யாத முகம். சித்தப்பா அவனைப் பிடித்துக்கொண்டார்.

“என்னடா இது? உன் பொண்டாட்டி இப்படிப் பண்ணினா, நீ பார்த்துக்கிட்டு சும்மாவா இருந்தே? எதுக்காம் திருப்பிக் குடுத்தா?”

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நான் தேநீரை நீட்டினேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அவ ஒருத்தரோட செல்லை வளர்த்தா சித்தப்பா. ஒரு டிரைவர், செத்துட்டார். நடுவுல அதுல வேற செல்லு விழுந்து, அது வளர்ந்து, இவரோடது அழிஞ்சுபோச்சு. அவளுக்குத் தெரியாது. அவர்தான்னு நெனச்சு அதுக்குச் சாப்பாடு போட்டா, அதுலதான் மருந்தையும் சோதிச்சா. அந்த மருந்தை ஈரல் நோயாளிக்குக் குடுத்தா கேக்காது. அதுக்குத்தான் பரிசு வந்துச்சு. தெரிஞ்சதும் சொல்லிட்டா.”

ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். “எனக்கு ஒண்ணும் புரியலடா.”

“நானும் அப்படித்தான் சொன்னேன்” என்றான் அவன். “புரியல புரியலன்னு கத்தினேன், பெட்டியை உதைச்சேன். அவ சொன்ன அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிடுச்சு சித்தப்பா. புரிஞ்சுதான் சண்டை போட்டேன்.”

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். தேநீரை ஒரே மடக்கில் குடித்தான். “இன்னொண்ணு போட்டுத் தர்றீங்களாக்கா? அவளுக்கு. எழுப்பிக் குடுக்கிறேன்” என்றான்.